கணினி ரீச்சரின் பின்னேரங்கள்: மேலதிக வேலைக்கு மறுப்புச் சொன்ன ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாண மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களில் வலிகாமமும் ஒன்று. அந்த வலயத்தில், உயர்தரம் வரை உள்ள ஒரு கலவன் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிற ஆசிரியை ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. வயது முப்பதுகளின் நடுப்பகுதி. இரண்டு சின்னப் பிள்ளைகள். கணவருக்கு வவுனியாவில் வேலை; வெள்ளி இரவு வந்து ஞாயிறு பின்னேரம் போய்விடுவார். வீட்டில் மாமி துணை. ஆளை மட்டுக்கட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வேலைகளை மட்டும் மாற்றவில்லை. வடக்கில் எந்தப் பாடசாலையின் கணினி ஆசிரியரைக் கேட்டாலும் ஏறத்தாழ இதே வேலைகளைத்தான் சொல்லுவார்.

ஆசிரியர்களோடு வேலைநேரம் பற்றிப் பேசும் சிறு கூட்டங்களை நடத்துகிறவன் நான். அப்படி ஒரு கூட்டம் முடிந்தபிறகுதான் இவர் என்னிடம் வந்தார். "எனக்கு நேரத்தைத் திட்டமிடத் தெரியேல்லை சேர்" என்றார். அவருடைய குறிப்புப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பாடத்திட்டம் வாரம் வாரமாகப் பிரித்து, செய்முறைக்கு எந்தப் பாடவேளை, எந்தப் பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்பதுவரை எழுதியிருந்தார். திட்டமிடத் தெரியாத ஒருவரின் புத்தகம் இல்லை அது. திட்டமெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, அதற்குள் மற்றவர்களின் வேலை வந்து குந்திக்கொண்டிருந்தது.

எங்கே நோகத் தொடங்கியது

உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தில் இரண்டு வினாத்தாள்கள். முதலாவது இரண்டு மணித்தியாலம், 50 பல்தேர்வு வினா; இரண்டாவது மூன்று மணித்தியாலம். பைதன் நிரலாக்கமும் தரவுத்தளமும் பாடத்தின் பெரிய பகுதிகள். தர்க்கப் படலைகளைக் கரும்பலகையில் கீறிப் படிப்பித்து ஒப்பேற்றலாம். நிரலாக்கத்தை அப்படிச் செய்ய முடியாது. பிள்ளை கணினிக்கு முன்னால் இருக்க வேண்டும், பிழை வர வேண்டும், பக்கத்தில் ஆசிரியர் நிற்க வேண்டும். தரம் 13 வகுப்புக்கு நேரசூசியில் இரண்டு பாடவேளையைச் சேர்த்து, 80 நிமிடம், ஆய்வுகூடத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். அந்த 80 நிமிடத்தில்தான் கந்தோரில் இருந்து ஒரு பிள்ளை ஓடிவந்து, "ரீச்சர், அதிபர் சேர் வரட்டாம்" என்று சொல்லும்.

இரண்டாம் தவணைப் பரீட்சையில் நிரலாக்க வினாக்களை வகுப்பில் பாதிப்பேர் தொடவே இல்லை. தொட்ட பிள்ளைகள் யாரென்று பார்த்தால், யாழ்ப்பாண நகரத்துக்கோ திருநெல்வேலிக்கோ ரியூசனுக்குப் போகிறவர்கள். காசு கட்டிப் போக முடியாத பிள்ளைகளுக்கு அந்த ஆய்வுகூட வேளைதான் எல்லாமே. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழும்பி, "ரீச்சர் நல்லாப் படிப்பிப்பா, ஆனா வகுப்பிலை நிக்கிறது குறைவு" என்றார். கோபமாகச் சொல்லவில்லையாம். அந்த வசனம்தான் இவரை என்னிடம் அனுப்பியது.

இந்த விஷயத்தில் எல்லாரும் வழக்கமாகப் பேசுவது களைப்பையும் குடும்பத்தையும் பற்றித்தான். அவையும் உண்மை. ஆனால் இவருடைய ஒவ்வொரு "ஓம்" க்கும் விலை கொடுத்தது யார் என்று பார்த்தால், முதலில் வருவது அந்தத் தாயின் பிள்ளை. இதை அவரிடம் சொன்ன பிறகுதான் மறுப்பது சுயநலம் என்ற எண்ணம் அவருக்குக் கொஞ்சம் இளகியது.

ஒரு கிழமைப் பதிவு

எதையும் மறுக்க வேண்டாம், வழக்கம்போல எல்லாவற்றுக்கும் தலையாட்டுங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள் என்று சொன்னேன். யார் கேட்டார்கள், எங்கே வைத்துக் கேட்டார்கள், எவ்வளவு நேரம் என்று சொன்னார்கள், உண்மையில் எவ்வளவு பிடித்தது. அந்த நான்கு நிரல்தான். கிழமை முடிய ஒரு கொப்பியின் பல பக்கங்கள் நிறைந்திருந்தன.

வலயக் கல்வி அலுவலகத்துக்குத் தரவுப் படிவம்: காலை 9 மணிக்கு வட்ஸ்அப்பில் வந்து, "இன்று நண்பகலுக்கு முன்" என்று கேட்டது. பரீட்சைத் திணைக்களத்துக்கு இணையவழியில் போக வேண்டிய மாணவர் விண்ணப்பங்கள். பகுதித் தலைவர் ஒருவருக்குப் புள்ளி அட்டவணை. பட்டப்பின் கல்வி டிப்ளோமா படிக்கும் சக ஆசிரியை ஒருவரின் ஒப்படையை ரைப் பண்ணுவது. மாமியின் அக்கா மகனுக்குக் கனடா விசிற் விசா படிவம். பக்கத்து வீட்டாருக்குக் கடவுச்சீட்டு விண்ணப்பம்; 2023 இல் இணையவழியில் விண்ணப்பிக்கும் முறை வந்த நாளிலிருந்து அந்த ஒழுங்கையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் இவர்தான் குடிவரவுக் கந்தோர். கோயில் மகோற்சவ அறிவித்தலுக்கு எழுத்துப்பிழை பார்ப்பது. பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளைக்கு, பாடசாலையின் தேவைகளைக் காட்டும் ஒரு வீடியோ.

இவையெல்லாவற்றையும்விட, அந்தப் பதிவில் இல்லாத, முந்தின தவணையில் நடந்த ஒன்றைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இல்ல மெய்வல்லுநர் போட்டிச் சான்றிதழ்கள். அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

போட்டிக்கு முதல் நாள், பாடசாலை விடுகிற நேரம், படலையடியில் வைத்து உடற்கல்வி ஆசிரியர் கேட்டார்: "ரீச்சர், சின்ன வேலை ஒண்டு. சேட்டிபிக்கற் மாதிரி போன வருசத்தது இருக்கு, பெயரை மட்டும் மாத்தினாச் சரி." பின்னேரம் ஆறரைக்குப் பிறகு பெயர்ப்பட்டியல் வரத் தொடங்கியது, கையால் எழுதிய தாள்களின் போட்டோக்களாக. நான்கு இல்லத்து ஆசிரியர்களும் நான்கு விதமாக எழுதியிருந்தார்கள். ஒரே பிள்ளைக்கு ஒரு தாளில் 'ச' முதலெழுத்து, இன்னொரு தாளில் 'சி'. போன வருடத்துக் கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தது. வீட்டு மடிகணினியில் பாமினி இல்லாததால் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. மாதிரியை யூனிகோட்டில் புதிதாகச் செய்தார். அஞ்சலோட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் நான்கு பெயர், அது யாருக்கும் ஞாபகம் இல்லை. 180 சான்றிதழ். பாதியில் பிறின்ரரில் மஞ்சள் மை முடிந்து, பாடசாலைக் கொடி ஒருவிதமான ஊதா நிறத்தில் வரத் தொடங்கியது. முடியும்போது இரவு ஒன்றரை. அடுத்தநாள் ஒலிவாங்கியில் விளையாட்டுக் குழுவுக்கு நன்றி சொல்லப்பட்டது. அதில் இவர் பெயர் வரவில்லை. இரண்டு பெற்றோர் மட்டும் வந்து பெயரில் பிழை இருக்கிறது என்றார்கள்.

"நன்றி சொல்லாததுக்கு நான் கவலைப்படேல்லை சேர். அது சின்ன வேலை எண்டு இப்பவும் நினைக்கினம், அதுதான்."

ஏன் ஒவ்வொரு முறையும் "ஓம்" வருகிறது

பதிவில் 'எங்கே வைத்துக் கேட்டார்கள்' என்ற நிரல்தான் எனக்கு அதிகம் சொன்னது. கேட்கப்பட்டவற்றில் பெரும்பங்கு நடந்துகொண்டிருக்கும்போது கேட்கப்பட்டவை: விறாந்தையில், தண்ணீர்க் குழாயடியில், படலையில், ஸ்கூட்டியில் ஏறின பிறகு. நிற்காத இடத்தில் வைத்துக் கேட்டால் யோசிக்கவும் நேரமில்லை, "எத்தனை?" என்று கேட்கவும் நேரமில்லை.

இதற்கு ஒரு பழைய பரிசோதனை நன்றாகப் பொருந்தும். நியூயோர்க்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் போட்டோகொப்பி எடுக்கக் காத்திருந்தவர்களிடம் இடையில் புகுந்து, "நான் முதலில் எடுக்கலாமா?" என்று கேட்க வைத்தார் எலன் லாங்கர், முடிவுகள் 1978 இல் வெளிவந்தன. ஐந்து பக்கம் என்றால், காரணம் சொல்லாமல் கேட்டபோதே 60 வீதமானவர்கள் விட்டார்கள். "நான் கொப்பி எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான்" என்று காரணமே இல்லாத ஒரு காரணத்தைச் சொன்னால் 93 வீதம். ஆனால் 20 பக்கம் என்று சொன்னபோது அந்த வெறும் காரணம் எடுபடவில்லை. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் 24 வீதம்தான். வேலை சின்னது என்று பட்டால் நாங்கள் காரணத்தைக்கூடக் கேட்பதில்லை, பெரிது என்று தெரிந்தால்தான் மூளை விழிக்கிறது. "சின்ன வேலை ஒண்டு" என்ற வாக்கியம் ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. அதைச் சொல்லுகிறவர் ஏமாற்றுகிறார் என்றும் இல்லை. உடற்கல்வி ஆசிரியருக்கு உண்மையிலேயே அது பெயர் மாற்றுகிற வேலைதான். பாமினி, மஞ்சள் மை எல்லாம் அவர் கண்ணில் படுவதில்லை.

இரண்டாவது, கேட்கிறவருக்கு மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. பிராங்க் பிளின், வனெசா லேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008 இல் இதைக் காட்டினார்கள்: நேரில் உதவி கேட்டால் எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்று கேட்கிறவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். "ஏலாதெண்டாச் சொல்லுங்கோ" என்று அவர்கள் சொல்லும்போது, அது சுலபம் என்றே நம்பிச் சொல்லுகிறார்கள். ரீச்சருடைய அதிபரும் அப்படித்தான். கெட்ட மனிதர் இல்லை. ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகத்தான் பார்த்தார், எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க அவருக்குச் சந்தர்ப்பமே வரவில்லை.

மூன்றாவது, கொஞ்சம் கசப்பானது. அதே பாடசாலையில் கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எக்செல் அவருக்கு இவரைவிட நன்றாகத் தெரியும். அவரிடம் யாரும் புள்ளி அட்டவணை கொண்டுபோவதில்லை. ஏன் என்று கேட்டேன். "அவர் ஒண்டே முக்காலுக்கு ரியூசனுக்குப் போக வேணும் எல்லோ" என்றார் ரீச்சர், மிகச் சாதாரணமாக. அதாவது அவருடைய பின்னேரத்துக்கு ஊரறிந்த ஒரு பெயரும் விலையும் இருக்கிறது. இவருடைய பின்னேரம் பிள்ளைகள், சமையல், மாமிக்கு மருந்து. அதற்கு ஊரில் பெயர் கிடையாது, 'சும்மா' என்பதைத் தவிர. லிண்டா பாப்கொக்கும் இன்னும் மூவரும் 2017 இல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கமாகத்தான் போகிறது: பதவி உயர்வுக்கு உதவாத வேலைகளைச் செய்யும்படி ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம் கேட்கிறார்கள், அவர்களே அதிகம் சம்மதிக்கிறார்கள். ஆனால் பெண்கள் மட்டும் அல்லது ஆண்கள் மட்டும் இருக்கும் குழுக்களில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. ஆகவே இது பெண்ணின் குணம் இல்லை, கூட்டத்தின் எதிர்பார்ப்பு.

தனியார் கந்தோரில் வேலை செய்கிறவருக்குக் குறைந்தபட்சம் ஒரு எண்ணாவது இருக்கிறது. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்குமேல் என்றால் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேற்படாமல், ஒன்றரை மடங்கு சம்பளத்தோடு. அது எல்லா இடத்திலும் நடக்கிறதா என்பது வேறு கதை. விடைத்தாள் திருத்தப் போனால் ஆசிரியருக்குப் பரீட்சைத் திணைக்களம் காசு தரும். சான்றிதழ் அடித்தால் யாரும் தருவதில்லை, கணக்கும் எழுதுவதில்லை. கணக்கே இல்லாத இடத்தில் மறுக்கிறவர் எதை மறுக்கிறார் என்று காட்டவும் வழியில்லை.

முதல் முயற்சி தோற்றது

பதிவைப் பார்த்தவுடன் ரீச்சருக்குக் கோபம் வந்தது. அடுத்த திங்களே மறுக்கத் தொடங்கினார், தனக்குத் தெரிந்த வழியில். "மகனுக்குக் காய்ச்சல்." கேட்ட ஆசிரியை உடனே, "ஐயோ, பாவம். பரவாயில்லை ரீச்சர், காய்ச்சல் விட்டாப் பிறகு செய்யுங்கோ" என்றார். வேலை போகவில்லை, வியாழனுக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான். அதோடு அன்று பின்னேரமே இவரைத் திருநெல்வேலிச் சந்தையில் அதே ஆசிரியை கண்டுவிட்டார், காய்ச்சல்காரன் பக்கத்தில் ஐஸ்பழத்தோடு நிற்கிறான். யாழ்ப்பாணம் பொய்ச்சாட்டுக்குப் போதுமான அளவு பெரிய இடமில்லை.

இன்னொருவருக்கு "பாப்பம்" என்றார். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டார். இதுவும் எங்களுக்குப் பழக்கமான விபத்துத்தான். நேரே மறுத்திருந்தால் அன்றே வேறு ஆளைப் பார்த்திருப்பார். இப்போது அவருக்கும் நேரம் போய்விட்டது, இவரில் மனவருத்தமும் வந்துவிட்டது. மழுப்பல் மறுப்பு நேர் மறுப்பைவிட மரியாதையானது என்று நினைக்கிறோம். கேட்டவரின் பக்கத்தில் நின்று பார்த்தால் அப்படி இல்லை.

அதிபர் அறையில்

சாட்டுச் சொல்லுவதை நிறுத்திவிட்டு, பிரித்துப் பார்த்தோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு கேள்வி: இது யாருடைய வேலை? கடினமா, பிடிக்குமா, கேட்டவர் நல்லவரா என்பதெல்லாம் பிறகு.

பாதிக்கு மேல் பாடசாலை நிருவாகத்தின் வேலையாக இருந்தது. அதை ரீச்சர் தனியாக மறுக்கவே முடியாது; மறுத்தால் அது அதிபரை மறுப்பதாகப் போய்விடும். ஆகவே மறுக்காமல், ஒரு தாளோடு போகச் சொன்னேன். இடப்பக்கம் வேலை, நடுவில் பிடித்த நேரம், வலப்பக்கம் அந்த நேரத்தில் நடந்திருக்க வேண்டிய வகுப்பு. முறைப்பாடு என்ற சொல்லே வராமல், "இதிலை எதை முதல் செய்யட்டும், எதை விடட்டும் எண்டு நீங்கள் சொல்லுங்கோ சேர்" என்று மட்டும் கேட்க வேண்டும்.

அவர் போனது ஒரு வெள்ளிக்கிழமை, இடைவேளைக்குப் பிறகு. அதிபர் தாளை வாசித்தார். வலப்பக்க நிரலில் 'தரம் 13 ஆய்வுகூடம்' என்று நான்கு இடத்தில் எழுதியிருந்ததில் விரலை வைத்து, "இவ்வளவோ?" என்றாராம். பிறகு முகாமைத்துவ உதவியாளரைக் கூப்பிட்டார். பரீட்சை விண்ணப்பங்களுக்கான இணையத்தளக் கடவுச்சொல் அதிபரின் பொறுப்பில் வருவது. பிழை வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. அந்த வேலை கந்தோருக்குப் போனது, முதல் முறை மட்டும் ரீச்சர் பக்கத்தில் இருந்து காட்டுவது என்ற ஒழுங்கோடு. சான்றிதழ்களுக்குப் பெயர்களை ஒரு கூகுள் தாளில் அந்தந்தக் குழுவே அடிக்க வேண்டும், போட்டிக்கு ஒரு கிழமைக்கு முன். மாதிரியில் பெயரைத் தானாக நிரப்புகிற முறையை ரீச்சர் ஒருதரம் அமைத்துக் கொடுப்பார், பெயர்ப்பிழைக்குக் குழு பொறுப்பு. ஆய்வுகூட வேளையில் அவரைக் கூப்பிடக் கூடாது.

வலயத் தரவுப் படிவத்தை அதிபர் விட்டுக்கொடுக்கவில்லை. "இதுக்கு உங்களை விட்டா எனக்கு ஆளில்லை" என்றார். உண்மைதான், ரீச்சரும் ஒத்துக்கொண்டார். அதற்காகச் செவ்வாய்க்கிழமை ஒரு பாடவேளையை நேரசூசியிலேயே ஒதுக்கிக் கொடுத்தார். இவை மூன்று வாரத்துக்குப் பிறகு கடமைப் பங்கீட்டுக் கடிதத்தில் எழுத்தில் வந்தன. எழுத்தில் வர வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். ரீச்சருக்கு அது கூச்சமாக இருந்தது, "வாயாலை சொன்னாக் காணாதோ சேர்?" என்றார். காணாது. அடுத்த அவசரம் வரும்போது வாய்ச்சொல்லை முதலில் மறப்பவர் அதைச் சொன்னவர்தான்.

விறாந்தையில் கேட்கிறவர்களுக்கு

சக ஆசிரியர்களிடம் கடிதம் காட்ட முடியாது. அங்கே வசனங்கள்தான் வேண்டியிருந்தன. சிலவற்றை இருவருமாக இருந்து எழுதினோம், பிறகு அவர் தன் வாய்க்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொண்டார்.

நடந்துகொண்டு கேட்டால்: "இப்ப வகுப்பு அக்கா. கந்தோரிலை என்ரை கொப்பி இருக்கு, அதிலை எழுதி விடுங்கோ. செவ்வாய்க்கிழமை பார்த்திட்டு ஏலுமோ ஏலாதோ எண்டு சொல்லுறன்." இந்தக் கொப்பிதான் எல்லாவற்றிலும் அதிகம் வேலை செய்தது. எத்தனை பக்கம், எப்போது வேண்டும், பெயர்களைத் தரப்போவது யார் என்று அதில் நிரல் கீறியிருந்தார். எழுதப் போகிறவர் தானே எண்ணிப் பார்க்கிறார். பலர் எழுத வரவே இல்லை. வேலை தானாகவே இன்னொரு வழியில் முடிந்துவிட்டது. எழுதவந்தவர்களின் வேலை பெரும்பாலும் நியாயமானது.

ஒப்படை ரைப் பண்ணக் கேட்டவருக்கு: "எனக்கு ஏலாது அக்கா. கம்பஸடியிலை ரைப் பண்ணுற கடைகள் இருக்கு, குடுத்தா ஒரு நாளிலை தருவினம். ரைப்பிங் பழக வேணுமெண்டாச் சொல்லுங்கோ, காட்டித்தாறன்." காரணம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் சொன்னால் கேட்டவர் அந்தக் காரணத்துக்குத் தீர்வு கண்டுபிடிப்பார், காய்ச்சல் விட்ட கதை மாதிரி.

பின்னேரத்துக்கு ஒரு பெயர் வைத்தோம். செவ்வாய், வியாழன் 1.45 முதல் 3.15 வரை தரம் 13 க்கு நிரலாக்க மேலதிக வகுப்பு, இலவசம். அறிவித்தல் பலகையில் ஒட்டியாயிற்று. மற்ற மூன்று நாளும் 1.30 மணி அடித்தவுடன் வீட்டுக்கு. வேடிக்கை என்னவென்றால், வகுப்பு இருக்கும் நாளில் யாரும் மறிக்கவில்லை, வீட்டுக்குப் போகிற நாளில்தான் மறித்தார்கள். பிள்ளைகளிடம் போவது காரணமாகாது, ரியூசனுக்குப் போவது காரணமாகும் என்ற இந்த வழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் அதை மாற்றும்வரை ரீச்சர் காத்திருக்க முடியாது என்பதால், மற்ற நாட்களில் "எனக்கு இரண்டு மணிக்கு ஒரு வேலை இருக்கு" என்று மட்டும் சொல்லப் பழகினார். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

லண்டன் கிளை வேறுமாதிரி. அங்கே மாலை 6 மணிக்கு வேலை முடிந்து ஒருவர் அழைத்தால் இங்கே இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. அன்பாகத்தான் கேட்பார்கள், பாடசாலைக்குக் காசு அனுப்புகிறவர்கள் வேறு. ரீச்சர் இரவு 9 மணிக்குப் பிறகு போனைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு, காலையில் ஒரு வரி அனுப்பினார்: "அண்ணை, பாடசாலை வேலைகளை அதிபருக்கு அனுப்புங்கோ, அவர் சொன்னாச் செய்யிறன்." அதிபர் வழியாகப் போனபோது வீடியோவுக்கு லண்டன் கிளையே காசு தர முன்வந்தது, நகரத்தில் ஒரு வீடியோக்காரர் செய்தார். இலவசமாகக் கிடைத்த காலம் முழுக்க அந்தக் காசைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மறுக்காதவை

பக்கத்து வீட்டு ஐயா இறந்தபோது முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அச்சடிக்க வேண்டியிருந்தது. தேவாரம், குடும்ப வரலாறு, பேரப்பிள்ளைகள் எழுதிய கவிதைகள், போட்டோக்கள். ரீச்சர் முழுவதையும் தானே வடிவமைத்தார், மூன்று இரவு. கொப்பியில் எழுதச் சொல்லவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை. மற்றவற்றை மறுத்ததால்தான் இதற்கு நேரம் இருந்தது என்று அவரே சொன்னார்.

இன்னொன்றில் நாங்கள் வேறுபடுகிறோம். அவருக்கு ஆறாம் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியர் இப்போது அதே பாடசாலையில் சக ஆசிரியர். இவரை இன்றும் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். மகளின் கடவுச்சீட்டுப் படிவத்தை நிரப்பித்தரச் சொன்னார். ரீச்சர் கொப்பியைக் காட்டினார். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார், அதன்பிறகு பல நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பேசுகிறார், ஆனால் எதுவும் கேட்பதில்லை. ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்கிறார் ரீச்சர். படிப்பித்த வாத்தியாருக்கு அரை மணித்தியாலம் கொடுப்பதை யாரும் முன்னுதாரணமாகக் கொண்டுவர மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஒழுங்கு என்பது ரீச்சரின் நேரத்தைக் காப்பாற்றத்தான் போடப்பட்டது, ரீச்சர் ஒழுங்கைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

உறவுக்காரர் பக்கம் பெரிதாக மாறவில்லை. மாமியிடம் வந்து கேட்கிறார்கள், மாமி சம்மதித்துவிடுகிறா. விசாப் படிவத்தை மட்டும் திட்டமாக மறுத்தார். பிழையாக நிரப்பினால் பழி தன்மேல் வரும், அந்தப் பொறுப்பு தனக்கு வேண்டாம் என்று. அது மாமிக்கும் விளங்கியது.

ஒரு வருடத்துக்குப் பிறகு

ஆசிரியர் அறையில் கதை வந்தது. "ரீச்சர் இப்ப பெரிய ஆள், கொப்பியிலை எழுதித்தான் கதைக்க வேணும்" என்று ஒருவர் அவர் காதில் விழும்படியே சொன்னார். முதல் மாதம் அது உறைத்தது. பிறகு அதே ஆள் கொப்பியில் எழுதினார்.

ஆய்வுகூட வேளை அதன்பிறகு இரண்டே தரம் குழம்பியது. ஒருதரம் மின்சாரம் போனதால், இன்னொருதரம் அமைச்சில் இருந்து ஆட்கள் வந்ததால். நிரலாக்க அலகு மூன்றாம் தவணைப் பரீட்சைக்கு முதல் முடிந்தது. பெறுபேறு கூடியதா என்று கேட்கிறவர்களுக்கு, ஒரு பாடசாலையின் ஒரு வகுப்பை வைத்து அப்படி ஒன்றும் சொல்ல முடியாது. வினாவைத் தொடாமல் விட்டவர்கள் குறைந்தார்கள் என்பதை மட்டும் விடைத்தாளில் பார்த்தேன். இந்த வருட இல்லப் போட்டிச் சான்றிதழ்களைக் குழுவே அடித்தது. மூன்று பெயரில் பிழை. உடற்கல்வி ஆசிரியரே இருந்து திருத்தினார். "இதிலை இவ்வளவு வேலையிருக்கே ரீச்சர்!" என்றாராம்.

அதிபருக்கு வருகிற வருடம் 60 வயது, ஓய்வு பெறுகிறார். கடமைப் பங்கீட்டுக் கடிதம் கோவையில் இருக்கிறது, ஆனால் புதிதாக வருகிறவர் அந்தக் கோவையைத் திறந்து பார்ப்பார் என்று யார் சொன்னது? புதியவர் பொறுப்பேற்கும் முதல் கிழமையே அந்தத் தாளின் புதிய பிரதியோடு போகும்படி சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் கணினி தெரிந்தவர் யார் என்று அவர் முதல் கிழமையே விசாரிப்பார். வந்தவுடனே கடிதத்தோடு போய் நின்றால் வேலைக்குப் பஞ்சிப்படுகிற ஆள் என்று நினைத்துவிடுவார், ஒரு மாதம் போகட்டும் என்கிறார் ரீச்சர். இதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.